லண்டன் வாடகை வீட்டுக்கு மின்சாரக் கம்பனியைத் தேர்ந்தெடுப்பது: வெள்ளவத்தையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய், "நீங்கள் எந்தக் கம்பனியிடம் மின்சாரம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். மின்சாரம் என்ன, சந்தையில் பேரம் பேசி வாங்கும் கத்தரிக்காயா? அது வரும், சில காலங்களில் வராது, மாதம் ஒரு முறை மீற்றர் பார்ப்பவர் வந்து பட்டியலைப் படலையில் செருகிவிட்டுப் போவார். வெள்ளவத்தை என்றால் மின்சார சபை, நுகேகொடை என்றால் லெக்கோ என்ற விநியோகக் கம்பனி. வழங்குநரை மாற்ற வேண்டுமானால் வீட்டையே மாற்ற வேண்டும்.

இந்த மனநிலையோடுதான் என் தங்கையின் மகள் 2023 செப்டெம்பரில் மேற்படிப்புக்காக லண்டன் போனாள். வாடகை வீட்டின் சாவி கிடைத்த ஐந்தாம் நாள், இங்கே இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். "மாமா, இங்கே மின்சாரத்துக்கு எந்தக் கம்பனி வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை." நாற்பது ஆண்டுகள் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்த எனக்கும் விளங்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்காகவும், அவளுக்குப் பின் எங்கள் ஒழுங்கையிலிருந்து போன மூன்று பிள்ளைகளுக்காகவும் படித்ததையும், பிழைவிட்டுத் திருத்தியதையும் இங்கே எழுதிவைக்கிறேன். இது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி ஒழுங்குபடுத்துநர், தனி விதிகள். பெல்பாஸ்ட் போகும் பிள்ளைகள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

தொடங்குமுன்: கம்பி வேறு, பட்டியல் வேறு

பிரித்தானியா தன் மின்சாரத் துறையை 1990இல் தனியாருக்கு விற்கத் தொடங்கியது. வீட்டுப் பாவனையாளர் எல்லோருக்கும் கம்பனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1999 மே மாதத்துக்குள் கிடைத்துவிட்டது. இதைக் கேட்டதும் நம்மவர்கள் மனத்தில் ஒரு படம் தோன்றுகிறது: ஒவ்வொரு கம்பனியும் தன் தன் கம்பியை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக வருகிறது என்று. அப்படி இல்லை. தெருவில் கம்பி ஒன்றுதான். அது அந்தப் பகுதியின் வலையமைப்புக் கம்பனிக்குச் சொந்தம்; நாடு அப்படிப் பதினான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. லண்டனின் பெரும்பாலான கம்பிகள் யூகே பவர் நெட்வர்க்ஸ் நிறுவனத்துடையவை. பிள்ளை தேர்ந்தெடுக்கப்போவது கம்பியை அல்ல, பட்டியல் அனுப்புபவரை மட்டுமே.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. அதே ஆண்டு மார்ச்சில் மேற்கு லண்டனில் நோர்த் ஹைட் உப மின்நிலையம் தீப்பற்றி, ஹீத்ரோ விமான நிலையமே ஒரு நாள் மூடிக்கிடந்தது. சுற்றுவட்டாரத்து வீடுகளும் இருண்டன. அந்த வீடுகளில் ஒருவர் மலிவான கம்பனியிடமும் மற்றவர் விலை கூடிய கம்பனியிடமும் வாங்கியிருப்பார்கள். இருவருக்கும் விளக்கு அணைந்தது. ஆகவே "எந்தக் கம்பனியின் கரண்ட் நல்லது" என்ற கேள்விக்கே இடமில்லை. மின்தடை ஏற்பட்டால் அழைக்க வேண்டிய இலக்கம் 105. அது வலையமைப்புக்காரரிடம் போகும். பட்டியல் அனுப்பும் கம்பனியிடம் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கம்பனி மூடப்பட்டால்? 2021இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது ஏறத்தாழ முப்பது கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒரு வீட்டிலும் அதனால் விளக்கு அணையவில்லை. ஒழுங்குபடுத்துநரான ஒஃப்ஜெம் அந்த வாடிக்கையாளர்களை வேறு கம்பனிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் கணக்கில் மிச்சமிருந்த பணமும் பாதுகாக்கப்பட்டது. அப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: மீற்றரைப் படம் எடுத்துவிட்டு, புதிய கம்பனி தொடர்புகொள்ளும்வரை சும்மா இருப்பது.

நம் நாட்டிலும் 2024இன் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பிரிக்க வழிசெய்தது. "இனி எங்களுக்கும் தெரிவு வரும்" என்று பம்பலப்பிட்டியில் ஒரு நண்பர் மகிழ்ந்துகொண்டிருக்கிறார். உற்பத்தி, கடத்தல், விநியோகம் எனச் சபையைப் பிரிப்பது ஒன்று. வீட்டுக்காரர் கடைக்காரரை மாற்றுவது இன்னொன்று. நண்பரின் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழும்புக் கணக்கு அங்கே செல்லாது

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2025 ஜனவரியில் வந்த கட்டணத்தில் மாதம் 60 அலகுக்கு (ஓர் அலகு என்பது ஒரு கிலோவொட் மணித்தியாலம்) சுமார் 500 ரூபா. 61ஆவது அலகைத் தொட்டால் முதல் அலகிலிருந்தே வேறு விலை, பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் மாதக் கடைசியில் அம்மாமார் மீற்றருக்கு முன்னால் நின்று, "இன்றைக்கு அயன் பண்ண வேண்டாம்" என்று உத்தரவு போடுகிறார்கள். குறையப் பாவித்தால் ஓர் அலகின் விலையும் குறையும் என்பது நம் இரத்தத்தில் ஊறிய பாடம்.

லண்டனில் முதல் அலகுக்கும் மூவாயிரமாவது அலகுக்கும் பொதுவாக ஒரே விலை. அதோடு, விளக்கே போடாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் ஒரு தொகை ஏறிக்கொண்டிருக்கும். அவர்கள் அதை ஸ்டாண்டிங் சார்ஜ் என்கிறார்கள். நாம் நாட்கட்டணம் என்போம். இதன் விளைவு தலைகீழானது: குறையப் பாவிப்பவருக்குச் சராசரியாக ஓர் அலகு கூடிய விலையில் விழும். தனி அறையில் இருக்கும் சிக்கனமான பிள்ளைக்கு அலகு விலையைவிட நாட்கட்டணம் முக்கியமாகிவிடுகிறது. கணக்கை நான்காம் படியில் போட்டுக் காட்டுகிறேன்.

முதலாம் படி: சாவி வாங்கும் நாளில் மீற்றரைப் படம் எடுங்கள்

பெட்டியைத் திறக்குமுன், ஊருக்கு அழைத்து "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று சொல்லுமுன், இதைச் செய்ய வேண்டும். மின்மீற்றர், எரிவாயு மீற்றர் இரண்டையும் இலக்கங்கள் தெரியும்படி, திகதி பதியும்படி படம் எடுத்து, வீட்டு முகவருக்கு அன்றே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மீற்றரின் தொடரிலக்கமும் படத்தில் விழட்டும். அடுக்குமாடியில் மீற்றர்கள் கீழ்த்தளத்து அலுமாரி ஒன்றில் வரிசையாக இருக்கும். எது உங்களுடையது என்று முகவரைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மீற்றருக்கு ஓர் ஆண்டு பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

தங்கையின் மகள் படம் எடுக்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. கம்பனி தொடக்க அளவை உத்தேசமாகப் போட்டுக்கொண்டது. ஆறு மாதங்களுக்குப் பிறகு உண்மையான அளவு பதிவானபோது 200 பவுணுக்கு மேல் கூடுதலாக வந்தது. அவளுக்கு முன்னே இருந்தவர் குளிர்காலத்தில் சூடேற்றிக் குளிர்காய்ந்த கணக்கு அது. நல்ல வேளையாக, வீட்டை அவளிடம் ஒப்படைத்தபோது முகவர் எழுதிய பொருட்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் மீற்றர் அளவும் இருந்தது. அதை எடுத்துக் காட்டி, மூன்று மின்னஞ்சல் எழுதி, ஒன்றரை மாதம் காத்திருந்து மீட்டோம். ஒரு படம் அரை நிமிட வேலை.

இரண்டாம் படி: தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா?

மின்சாரக் கம்பனிக்கு நேரடியாகப் பணம் கட்டுபவர் வாடகைக்கு இருப்பவர் என்றால், கம்பனியை மாற்றும் உரிமை அவருக்கு உண்டு. வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பது நல்ல பழக்கம். ஒப்பந்தத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகையோடு மின்சாரமும் சேர்த்துக் கொடுக்கும் அறை என்றால் தெரிவு இல்லை. நம்மவர் வீடுகளில் அறை எடுத்திருக்கும் பிள்ளைகளில் பலர் இப்படித்தான். வீட்டுக்காரர் மின்சாரத்தைத் தனியாக அளந்து பணம் வாங்கினால், தாம் கம்பனிக்குக் கொடுத்த விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது விதி. ஊர்க்காரர் ஆயிற்றே என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். பட்டியலின் பிரதியை மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

முற்கொடுப்பனவு மீற்றர், அதாவது கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடுவதுபோல முதலில் காசு போட்டு எரிக்கும் மீற்றர், இருந்தால் அப்போதும் கம்பனியை மாற்றலாம். ஆனால் தெரிவுகள் குறைவு. சாதாரண மீற்றருக்கு மாற்றித்தரக் கேட்டால், அந்த நாட்டில் கடன் வரலாறு இல்லாத புதியவர்களிடம் சில கம்பனிகள் முற்பணம் கேட்கலாம்.

மூன்றாம் படி: இப்போது யார் வழங்குகிறார்கள் என்று கண்டுபிடித்துப் பெயரைப் பதியுங்கள்

நீங்கள் வீட்டில் கால்வைத்து முதல் விளக்கைப் போட்ட கணத்திலிருந்து, முன்பிருந்த கம்பனியோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருப்பதாகச் சட்டம் கருதுகிறது. கையெழுத்துத் தேவையில்லை. "நான் எதிலும் ஒப்பமிடவில்லையே" என்ற வாதம் செல்லாது. "குடியிருப்பவருக்கு" என்று பெயரில்லாமல் வரும் கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். அது உங்களுக்கு வந்த கடிதம்தான்.

எந்தக் கம்பனி என்று முகவரிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் வீட்டின் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து இணையத்தில் தேடலாம். மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் தேடுமிடம் வெவ்வேறு, இரண்டும் வெவ்வேறு கம்பனிகளாகவும் இருக்கலாம். கண்டுபிடித்ததும் குடிவந்த திகதியையும் மீற்றர் அளவையும் கொடுத்துக் கணக்கைத் தொடங்குங்கள். பட்டியலில் பெரிய 'எஸ்' எழுத்தோடு ஒரு பெட்டிக்குள் 21 இலக்கங்கள் இருக்கும். அதுதான் உங்கள் இணைப்பின் அடையாளம். அதன் கீழ்வரியிலுள்ள 13 இலக்கங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடென்றால் நால்வரின் பெயரையும் பதிவது நல்லது. பெயர் இருப்பவரிடம்தான் கடன் கேட்டு வருவார்கள். மறுபுறம், சொந்தப் பெயரில் ஒரு மின்பட்டியல் இருந்தால், முகவரிக்கு ஆதாரமாகக் காட்ட உதவும். வந்த புதிதில் அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது, வங்கிக் கணக்குத் திறக்க அலைந்த பிள்ளைகளுக்குத் தெரியும்.

நான்காம் படி: உங்கள் அலகுகளை எண்ணுங்கள்

விலையை ஒப்பிடுமுன் ஆண்டுக்கு எத்தனை அலகு பாவிப்பீர்கள் என்று ஓர் எண் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல் ஒப்பிடுவது, எத்தனை பேருக்குச் சமையல் என்று தெரியாமல் அரிசி வாங்குவதுபோல.

ஒஃப்ஜெம் 2023 ஒக்டோபரில் ஒரு சாதாரண வீட்டுக்கு ஆண்டுக்கு 2,700 அலகு மின்சாரமும் 11,500 அலகு எரிவாயுவும் என்று கணக்கு வைத்தது. இரண்டாவது எண்ணைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். அங்கே எரிவாயு சமையலுக்கு மட்டுமல்ல. குழாயில் வந்து வீட்டைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் போடுவதும் அதுவே. நம் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 170 அலகு வெப்பம் இருக்கிறது. அப்படியானால் ஆண்டுக்கு அறுபதுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள்! குளிர் என்றால் என்னவென்று நுவரெலியாவுக்கு இரண்டு நாள் போய்வந்த நாம் சொல்லக்கூடாது.

எரிவாயு இணைப்பில்லாமல் முழுவதும் மின்சாரத்தில் ஓடும் சிறு வீடுகளும் நிறைய உண்டு. அங்கே எண்கள் முற்றாக மாறும். 70 வொட் மின்விசிறி பதினான்கு மணித்தியாலம் சுழன்று செலவழிக்கும் ஓர் அலகை, 2,000 வொட் ஹீற்றர் அரை மணித்தியாலத்தில் தின்றுவிடும். மின்சார ஷவர் அதைவிட மோசம். 9,000 வொட் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒன்றரை அலகு. நான்கு பேர் நாள்தோறும் அப்படிக் குளித்தால் ஆண்டுக்கு 2,190 அலகு, ஷவருக்கு மட்டும்.

எனவே வீட்டை நோட்டம் விடுங்கள்: சூடாக்குவது எது, வெந்நீர் எதில், எத்தனை பேர், பகலில் வீட்டில் யாராவது இருப்பார்களா? கம்பனியிடம் கேட்டால் முந்திய ஆண்டின் பாவனை உத்தேசத்தைச் சொல்வார்கள், அதையும் வைத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொள்ளும் வழி வேறு: முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிறும் மீற்றரைப் பார்த்து எழுதச் சொல்வேன். ஒன்றை மறக்கக்கூடாது. செப்டெம்பர் மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஜனவரி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

இப்போது வாக்களித்த கணக்கு. இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், சந்தை விலை அல்ல. கம்பனி 'அ' அலகுக்கு 25 பென்ஸ், நாட்கட்டணம் 50 பென்ஸ். கம்பனி 'ஆ' அலகுக்கு 27 பென்ஸ், நாட்கட்டணம் 40 பென்ஸ்.

ஆண்டுக்கு 1,200 அலகு பாவிக்கும் தனியாளுக்கு: 'அ'வில் 300 பவுணும் நாட்கட்டணம் 182.50 பவுணும், மொத்தம் 482.50. 'ஆ'வில் 324உம் 146உம் சேர்ந்து 470. அலகு விலை கூடிய கம்பனிதான் இவருக்கு மலிவு.

2,700 அலகு பாவிக்கும் குடும்பத்துக்கு: 'அ'வில் 857.50, 'ஆ'வில் 875. இப்போது 'அ' மலிவு.

தராசு சமமாகும் இடம் 1,825 அலகு. நாட்கட்டணங்களின் ஆண்டு வித்தியாசத்தை (36.50 பவுண்) அலகு விலைகளின் வித்தியாசத்தால் (2 பென்ஸ்) வகுத்தால் அந்த எண் வரும். இந்த ஒரு வகுத்தலைச் செய்யத் தெரிந்தால், "என் மச்சான் அந்தக் கம்பனியில்தான் இருக்கிறான், மலிவாம்" என்ற பேச்சை மரியாதையோடு கேட்டுவிட்டு மறந்துவிடலாம். மச்சான் வீட்டில் ஐந்து பேர்.

ஐந்தாம் படி: விலையை ஒப்பிடுங்கள், ஆனால் எதோடு?

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது விலை உச்சவரம்பு. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எதுவும் தெரிவுசெய்யாமல் இருப்பவரிடம் ஒரு கம்பனி வாங்கக்கூடிய உச்ச விலை அது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் என ஆண்டுக்கு நான்கு தடவை மாறும்; பிரதேசத்துக்குப் பிரதேசம் சிறிது வேறுபடும்.

இதைப் பற்றி அந்த நாட்டுப் பத்திரிகைகளே குழப்புகின்றன. "உச்சவரம்பு இத்தனை பவுண்" என்று தலைப்புப் போடுகிறார்கள். அதைப் படித்த பிள்ளை, எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் பட்டியல் வராது என்று நினைத்து ஹீற்றரை இரவு முழுக்க விட்டுவைக்கிறது. வரம்பு அலகு விலைக்கும் நாட்கட்டணத்துக்கும்தான். தலைப்பில் வரும் தொகை, ஒஃப்ஜெம் அவ்வப்போது கணக்கிடும் சாதாரண வீட்டின் பாவனைக்கு அந்த விலைகளில் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பது மட்டுமே. கூடப் பாவித்தால் கூட வரும். 2023 ஜனவரியில் அந்தத் தொகை 4,279 பவுணைத் தொட்டது; அரசாங்கம் இடையில் புகுந்து, சாதாரண வீட்டுக்கு 2,500 பவுண் ஆகும்படி விலைகளை இறக்கிப் பிடித்தது. நாம் 2022இல் 13 மணிநேர மின்வெட்டில் விசிறி மட்டையோடு இருந்துவிட்டு, அவர்கள் பட்டியலைக் கண்டு அழுவதைப் பார்த்தோம்.

ஒப்பீட்டுத் தளங்களில் ஒஃப்ஜெம்மின் அங்கீகாரம் பெற்றவற்றையே பாவியுங்கள். அவை இலவசம், கம்பனிகள் தரும் தரகில் வாழ்கின்றன. அதனால் முதல் பக்கத்தில் தங்களூடாக மாறக்கூடிய திட்டங்களை மட்டும் காட்டுவது உண்டு. எல்லாத் திட்டங்களையும் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தளங்களில் பார்த்தால் போதும். ஐந்தில் பார்ப்பவர் கடைசியில் மாறவே மாட்டார். உங்கள் சொந்த அலகு எண்ணிக்கையை இடுங்கள். காட்டும் விலையில் 5 வீத வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு மின்சாரத்துக்கு அங்கே அவ்வளவுதான்.

விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால், நான் சேவையைப் பார்ப்பேன். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு கம்பனிகளுக்கு நட்சத்திரம் போட்டு வெளியிடுகிறது. ஆண்டுக்கு எட்டுப் பவுண் மிச்சம் பிடித்துவிட்டு, தொலைபேசியில் நாற்பது நிமிடம் இசை கேட்டுக்கொண்டிருப்பதில் இலாபமில்லை.

ஆறாம் படி: ஒப்பந்தத்தின் வகை

மாறும் விலை, நிலையான விலை என்று இரண்டு. நிலையான விலையில் நிலையாக இருப்பது அலகு விலையும் நாட்கட்டணமும், பட்டியல் அல்ல. வழக்கமாக ஓர் ஆண்டுக்கோ அதற்கு மேலோ இருக்கும், இடையில் விலகினால் விலகல் கட்டணம் இருக்கலாம். ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போதிருந்து அந்தக் கட்டணம் இல்லாமல் விலகலாம் என்பதைப் பலர் அறியார்.

என் அபிப்பிராயம் இது. ஓர் ஆண்டாவது அதே வீட்டில் இருப்பது நிச்சயம், நிலையான விலை இன்றைய உச்சவரம்பைவிடக் குறைவு என்றால் எடுக்கலாம். பத்து மாதத்தில் படிப்பு முடிந்து வீடு மாறும் பிள்ளைக்கு, விலகல் கட்டணம் இல்லாத திட்டமே நல்லது, சில பவுண் கூடினாலும். வீடு மாறும்போது திட்டத்தையும் கூடவே கொண்டுபோக விடும் கம்பனிகளும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

இரவில் ஏழு மணித்தியாலம் மலிவு, பகலில் விலை கூட என்ற 'எக்கொனமி 7' திட்டம், இரவில் வெப்பத்தைச் சேமித்துப் பகலில் விடும் ஹீற்றர் உள்ள வீடுகளுக்கானது. அது இல்லாத வீட்டில் அந்தத் திட்டம் இருந்தால் பகல் சமையல் எல்லாம் கூடிய விலையில் போகும். மீற்றரில் இரண்டு அளவுகள் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

பணம் கட்டும் முறையும் விலையை மாற்றும். வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் டிரெக்ட் டெபிட், பட்டியல் வந்தபின் கட்டுவதைவிட மலிவு.

ஏழாம் படி: மாறுவது

இதில் எழுத அதிகமில்லை. புதிய கம்பனியிடம் விண்ணப்பித்தால் பழையதிடம் அவர்களே பேசிக்கொள்வார்கள். பொதுவாக ஐந்து வேலை நாட்களில் முடியும். யாரும் வந்து கம்பி பிடுங்கமாட்டார்கள், ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்காது. மனம் மாறினால் பதினான்கு நாட்களுக்குள் செலவின்றி விலகலாம். மாறும் நாளில் மீற்றரைப் படம் எடுங்கள். பழைய கம்பனி ஆறு வாரத்துக்குள் இறுதிப் பட்டியல் தர வேண்டும்.

வீட்டு வாசலில் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்டுவரும் விற்பனையாளரிடம் அந்த 13 இலக்கங்களைக் கொடுக்காதீர்கள். தமிழில் பேசிக்கொண்டு வந்தாலும் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: முதல் பட்டியல்களைப் படிப்பது

அளவுக்குப் பக்கத்தில் 'உத்தேசம்' என்று இருக்கிறதா, 'உண்மை' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உத்தேசம் என்றால் அன்றே உண்மையான அளவை அனுப்புங்கள். ஸ்மார்ட் மீற்றர் தானாக அனுப்பும் என்று நம்பியிருக்காதீர்கள்; பழைய தலைமுறை மீற்றர்கள் சில, கம்பனி மாறியதும் ஊமையாகிவிடும்.

எரிவாயு மீற்றர் கன மீற்றரில் அளக்கிறதா, நூறு நூறு கன அடியாக அளக்கிறதா என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். பட்டியலில் மாறிப் பதிவாகியிருந்தால் கணக்கு ஏறத்தாழ 2.83 மடங்கு பிழைக்கும். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

டிரெக்ட் டெபிட் பற்றி ஒரு சொல். கம்பனி ஆண்டுச் செலவைக் கணித்துப் பன்னிரண்டாகப் பிரித்து எடுக்கும். கோடையில் பாவனை குறைவு, பணம் சேரும். குளிர்காலத்தில் அது கரையும். தங்கையின் மகள் ஜூன் மாதத்தில், "மாமா, பாவித்ததைவிட இரண்டு மடங்கு எடுத்துவிட்டார்கள்" என்று கொதித்தாள். அது களவு அல்ல, மழைக்காலத்துக்கு விறகு அடுக்குவது. ஆனால் குளிர்காலம் முடிந்த ஏப்ரலிலும் பெருந்தொகை மிச்சமிருந்தால் விறகு அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். திருப்பிக் கேட்கலாம், மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம்.

ஒன்பதாம் படி: தகராறு வந்தால்

கம்பனியிடம் எழுத்தில் முறையிடுங்கள்; முறைப்பாட்டு இலக்கம் பெறுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், இலவசம், அவர் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது கம்பனியைக் கட்டுப்படுத்தும். கம்பனியின் தவறால் பட்டியல் போடாமல் விட்ட பாவனைக்கு, பன்னிரண்டு மாதத்துக்கு முற்பட்டதை வசூலிக்க முடியாது. பணம் கட்டத் திண்டாட்டம் என்றால் ஒளிந்திருக்காமல் தவணை கேளுங்கள். தவணை ஏற்பாட்டுக்கு உதவுவது அவர்கள் கடமை. ஊருக்கு அழைத்து அப்பாவிடம் கடன் கேட்பது அதற்கு அடுத்த வழி.

கடைசிப் படி: வீட்டை விட்டுப் போகும்போது

போகும் நாளைக் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சாவி கொடுக்கும் நாளில் மறுபடியும் மீற்றர் படம். இறுதிப் பட்டியல் அனுப்ப முகவரி கொடுங்கள். கணக்கில் பணம் மிச்சமிருந்தால், இறுதிப் பட்டியல் வந்து பத்து வேலை நாட்களில் திருப்பித் தர வேண்டும். அது வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

தங்கையின் மகள் மூடிவிட்டாள். கொழும்புக்குத் திரும்பும் அவசரத்தில், விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு. மிச்சப் பணம் 31 பவுண் காசோலையாக வெள்ளவத்தை முகவரிக்கு வந்தது. அதை மாற்றித்தர இங்குள்ள வங்கி கேட்ட கட்டணத்தையும் காலத்தையும் கேட்டுவிட்டு, காசோலையை மேசை இழுப்பறையில் வைத்தோம். எங்கள் மின்சார சபைப் பட்டியல்களோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.